கீழ் வரி

நூலகத்தின் ஏழு பழைய கணினிகளும் ஒரே காலையில் படுத்துவிட்டன.

பத்தரைக்கு மேலதிகாரி வருகிறார். ஓடாதது எல்லாம் இன்றே எடைக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. வேலைக்கு மனுப்போட வரும் பிள்ளைகளுக்கு இந்த ஏழை விட்டால் நாதியில்லை.

நூலகருக்குச் சந்தேகமே இல்லை. பெருக்குகிற அக்காதான். தினமும் கதவு திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு கீபோர்டாகத் தட்டிக்கொண்டு போகிறவளை நேற்றுதான் கையும் களவுமாகப் பிடித்தார். சுவிட்சைப் போடுவதோடு நிறுத்திக்கொள், கீபோர்டில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று கத்தினார். விடிந்தால் இப்படி.

ரிப்பேர்காரர் ஓடி வந்தார். போன மாதம் இவற்றுக்குக் கர்னல் மாற்றியவர். கணினி விழித்ததும் முதலில் எழுந்து மற்றதை எல்லாம் எழுப்புகிற மென்பொருள் அது. கிழட்டு இயந்திரத்துக்கென்றே செய்தது ஒன்று, நிதானம். புது இயந்திரத்துக்கென்று செய்தது ஒன்று, பறக்கும். எது வேண்டும் என்று அப்போது கேட்டிருந்தார்.

“இதென்ன கேள்வி? புதுசையே போடு” என்றார் நூலகர்.

பழசை அழிக்காமல் புதுசைப் போட்டார். நாளைக் காலையில் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து ஒரு தகராறும் இல்லை. இருவரும் மார்தட்டிக்கொண்டார்கள்.

இன்று ஏழு திரையிலும் ஒரே வரி. இந்தக் கர்னல் இந்த இயந்திரத்துக்கு ஆகாது.

“யாரோ கை வெச்சிருக்காங்க சார்” என்றார் ரிப்பேர்காரர்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

“இன்னிக்குக் கை வைக்கலை சார். அதனாலதான் இப்படி. வைக்கட்டுமா?”

மணி பத்தேகால். நூலகர் தலையாட்டினார்.

ஒன்றை அணைத்துப் போட்டாள். திரையில் ஐந்தே விநாடிக்கு இரண்டு வரி வந்தது. மேலே புதுசு, கீழே பழசு. கை வைக்காவிட்டால் மேலே உள்ளதே தானாக ஓடும். அம்புக்குறியில் ஒரு தட்டு, என்டரில் ஒரு தட்டு. கிழம் முனகிக்கொண்டே எழுந்தது. அடுத்ததற்குப் போனாள்.

ரிப்பேர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “எத்தனை நாளாக்கா இது?”

“நீ புதுசு போட்ட மறுநாள்லேர்ந்து.”

“வாயத் திறந்து சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு பேரும் அவ்வளவு குஷியா இருந்தீங்க. ரெண்டு தட்டுல தீர்ற விஷயம். எதுக்கு உங்க மூஞ்சி தொங்கணும்னு விட்டுட்டேன்.”

மேலதிகாரி வந்தபோது ஏழும் ஓடிக்கொண்டிருந்தன. கையிலிருந்த எடைக்கடைப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தார்.

“இந்தக் கிழங்களை யாருய்யா ஓட வெச்சது?”

ரிப்பேர்காரர் கூரையைப் பார்த்தார். நூலகர் தொண்டையைச் செருமினார்.

“எங்க பெருக்கற அக்கா சார்.”