இடது ஸீட்

“பெல்ட் இடு,” என்றான் சாஹில். “கேமரா உண்டு.”

“நீ ரோட்டை நோக்கு,” என்றேன்.

மனைவியாக இருந்த காலம் முழுக்க அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட்டேன். எர்ணாகுளம் குடும்பக் கோர்ட்டில் தீர்ப்பு வந்த அன்றிலிருந்து ‘நீ’. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் அது.

மற்ற விஷயம், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மகள் நௌஷிதா அவனோடு போக வேண்டும் என்பது. இந்தக் காரில்தான் போவாள். ஜப்பான் கார், இரண்டே ஸீட்.

மடியில் லேப்டாப்போடு நான் இடது ஸீட்டில் இருந்தேன். பெல்ட் கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

கம்பெனி வைத்த கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்கு வேறொன்று வைத்தால், அதற்கு எதுவும் தெரியாது. எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும், எப்போது பொறி அடிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தக் கணக்குக்கு மேப் என்று பெயர்.

பெங்களூரில் ஒருவன் போட்ட மேப்பில் சாஹிலின் பிஸ்டன் உருகிவிட்டது. அதன்பிறகு மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிக்கு வந்தான். பஜார் ரோட்டில் பழைய சுக்குக் கோடவுன் ஒன்றில் என் ஒர்க்‌ஷாப். இந்த வேலை தெரிந்த வேறு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால் அவன் என் வாசலை மிதித்திருக்க மாட்டான்.

“அவன் காரை நீ ஏன் தொடணும் ஜலீலா?” என்று அம்மா கேட்டாள்.

பிஸ்டன் போவதற்கு முந்தைய ஞாயிறு நௌஷிதா எனக்கு ஒரு வீடியோ காட்டினாள். கண்டெய்னர் ரோடு. வேக முள் நூற்று அறுபதில் நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளை கூச்சலிட்டுச் சிரிக்கிறாள். எடுத்தவன் அவன்தான், ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன்.

வக்கீலிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “பிள்ளை சிரிக்குதே,” என்றார்.

இப்போது அதே கண்டெய்னர் ரோட்டில்தான் போய்க்கொண்டிருந்தோம். எஞ்சினுக்குள் தட்டல் சத்தம் வருகிறதா என்று கேட்பதற்காகக் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். கணக்கு தவறினால் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்கும். சாஹில் பேசுவது கேட்காது. அதுவும் நல்லதுதான்.

“சவிட்டு,” என்றேன். ஆக்ஸிலரேட்டரை மிதித்தான்.

“விடு,” என்றேன். விட்டான்.

என் சொல்லுக்கு அவன் இப்படிக் கட்டுப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

பொறியை இரண்டு டிகிரி முன்னால் தள்ளி வைத்தால் போதும், இந்த எஞ்சின் சீக்கிரமே செத்துவிடும். பெட்ரோல் சரியில்லை என்று சொல்லிவிடலாம். லேப்டாப்பில் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்தக் கிழமை சாகும் என்று எனக்குத் தெரியாதே. ஞாயிற்றுக்கிழமை, நடு ரோட்டில் வெடித்தால்?

ஒழுங்காகவே செய்தேன். எனக்குத் தெரிந்த அத்தனையையும் அந்த மேப்பில் போட்டேன். கார் சீறிக்கொண்டு போனது. முதுகு ஸீட்டோடு ஒட்டிக்கொண்டது. பயத்தில் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் மறுபடியும் பெல்ட்டைக் காட்டினான். தலையை ஆட்டி மறுத்தேன். அவன் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான். உதடு அசைந்ததிலேயே புரிந்தது: பிடிவாதம். கோர்ட்டிலும் அதைத்தான் சொன்னான். என் பிடிவாதம் அப்படியே பிள்ளைக்கும் வந்துவிட்டதாம்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியதும் மேப்புக்கு பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினேன். மேப் போட்டவர் பூட்டுவது எங்கள் தொழில் வழக்கம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. வேறு யாராவது உடைத்துத் திறந்தால் மொத்தமும் அழிந்துபோகும்.

சாஹில் நின்ற இடத்திலேயே எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். முகமெல்லாம் பல்.

“கொள்ளாம், நல்லாருக்கு. நாளைக்கி பத்து மணிக்கி வருவேன், பிள்ளைய ரெடியாக்கி நிறுத்து.”

நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கார் பஜார் ரோட்டு லாரிகளுக்கு நடுவில் நுழைந்து மறைந்தது.

புதுக் கம்ப்யூட்டரில் எதற்கும் பயன்படாத வயர் ஒன்று மிச்சமிருந்தது. கார் என்னிடம் நின்ற நாட்களில் அதை ஸீட்டுக்கு அடியில் கொண்டுபோய் இடது பெல்ட்டின் பூட்டோடு சேர்த்துவிட்டேன். இடது பெல்ட் மாட்டாதவரை இன்று அவன் பார்த்த கார். மாட்டிவிட்டால் வேறு மேப். அதில் எவ்வளவு மிதித்தாலும் கார் அறுபதைத் தாண்டாது.

நாளைக்குக் கத்துவான். முதலில் எஞ்சினைத் திட்டுவான், பிறகு என்னை. மூளை இல்லாதவன் இல்லை, கடைசியில் கண்டுபிடித்துவிடுவான். பெல்ட்டைக் கழற்று என்று அவளிடம் சொல்வான்.

பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்கு நான் பழக்கியது அது. பெல்ட் மாட்டாமல் கார் நகர்ந்தால் அழுது ஊரைக் கூட்டுவாள். அத்தா சொன்னாலும் கழற்ற மாட்டாள்.

பிடிவாதக்காரி. அவனே சொன்னதுதான்.