பரோட்டா கடைப் பல்லி

சாமிதாஸின் பரோட்டா கடையில் ஆறு வருஷமாக ஈ பிடித்துவந்தது ஒரு பல்லி. அதை யாரும் ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. போன வாரம் மாட்டிய, கரண்டில் ஈயைப் பொசுக்கும் நீல விளக்கைத்தான் சாமிதாஸ் சாப்பிட வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக் காட்டிப் பூரித்தார். பல்லிக்கு வயிறு எரிந்தது.

"ஓடி ஓடிப் பிடிக்கிறவன் நான். பேர் மட்டும் உனக்கா?" என்று விளக்கிடம் சண்டைக்குப் போனது.

"நான் யாரையும் தேடிப் போறதில்லண்ணே," என்றது விளக்கு. "அதுங்களாத்தான் வருதுங்க."

அந்த அடக்கத்தைத்தான் பல்லியால் தாங்க முடியவில்லை. அப்போது ஓர் ஈ விளக்கை நோக்கிப் பறந்தது. 'இது என் ஈ' என்று பல்லி அதன்மேல் பாய்ந்தது. விளக்கின் கம்பியில் பட்டென்று பொறி பறந்தது.

சாமிதாஸ் ஓடிவந்து பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பாருங்கண்ணே, பல்லியைக்கூட விடல!"