ஒரு தாள் இடைவெளி

“இவ்வளவு இடைவெளி விட்டா சென்சார் எதைப் பார்த்து எண்ணும்? ஆகாயத்தையா?” என்றாள் ஸ்பேனர்.

கல்லூரிப் பட்டறையில் அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. கையில் எந்நேரமும் ஸ்பேனர் இருந்ததால் பெயரும் அதுவே ஆகிவிட்டது. அவளிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தவள் இந்த ஆண்டுதான் ரோபோ குழுவில் சேர்ந்தவள். அவளுக்குப் பட்டப்பெயர் யோசிக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. புதுசு, அவ்வளவுதான்.

“ஒரு தாள் நுழையற அளவுதான்கா விட்டிருக்கேன். ஷாஃப்ட் சுத்தும்போது லேசா ஆடும். ஒட்டி வெச்சா இடிக்கும்.”

“ரெண்டு வருஷமா நான் ஒட்டித்தான் வெக்கிறேன். எனக்கே பாடமா?”

“அதான் போன வருஷம் வண்டி கோணிக்கிட்டுப் போச்சா?” கணினித் திரைக்குப் பின்னாலிருந்து சோடாபுட்டியின் குரல் வந்தது. ரோபோவுக்கு புரோகிராம் எழுதுபவன் அவன்தான். “கேட்டதுக்குத் தரை சரியில்லைன்னே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

புதுசு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தாள். பழமொழியைவிட அந்த உதடுதான் ஸ்பேனருக்குச் சுருக்கென்று தைத்தது.

விஷயம் சின்னதுதான். வண்டியின் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு குட்டிக் காந்தம். அதற்கு எதிரே பட்டன் போல ஒரு சென்சார். ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. இரண்டு பக்கமும் சரியாக எண்ணினால் வண்டி நேராக ஓடும். இடது பக்கத்து சென்சாரை ஸ்பேனர் பொருத்தியிருந்தாள். வலது பக்கத்தை, குழுவுக்குப் பொறுப்பான சார் புதுசிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நாளைக்குப் போட்டி. களத்தில் வண்டியோடு நிற்க இருவருக்குத்தான் அனுமதி. சோடாபுட்டி போயே ஆக வேண்டும். இன்னோர் இடம் இதுவரை ஸ்பேனருடையது. இந்த முறை சார் வாயைத் திறக்கவில்லை.

காலைச் சோதனை ஓட்டத்தில் வண்டி கொஞ்ச தூரம் போய், ஒரு பக்கமாக ஒதுங்கி, நாற்காலிக் காலில் முட்டி நின்றது.

“ரெண்டுல ஒரு பக்கம் பொய் சொல்லுது,” என்றார் சார். “சாப்பிட்டு வாங்க, பார்ப்போம். எந்தப் பக்கம் தப்போ, அதைப் பொருத்தினவங்க நாளைக்கு கேலரியில உட்கார்ந்து கைதட்டட்டும்.”

சோடாபுட்டியும் புதுசும் சக்கரத் தூசியைத் துடைப்பதற்காக வண்டியைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்கள்.

“புதுசு, கேன்டீன்ல என் பக்கத்துல இடம் பிடிச்சு வெக்கிறேன், சீக்கிரம் வா!” என்றான் சோடாபுட்டி.

அந்தப் பக்கத்து இடமும் ஸ்பேனருடையதாகத்தான் இருந்தது.

“நீ வரலையா?” என்று போகிற போக்கில் கேட்டான்.

“வயிறு சரியில்லை,” என்றாள். அது பொய்யும் இல்லை. எரிந்துகொண்டுதான் இருந்தது.

பட்டறை காலியானது. ஸ்பேனர் கதவைப் பார்த்துக்கொண்டே மேஜையருகே போனாள்.

“இடைவெளியா வேணும் உனக்கு? இந்தா, வெச்சுக்கோ!”

வலப்புறம் இருந்த திருகாணியைத் தளர்த்தி சென்சாரைப் பின்னால் இழுத்தாள். ஒரு விரற்கடையாவது நகர்த்த ஆசை. ஆனால் வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. மயிரிழைதான் நகர்ந்திருக்கும். அவசரமாகத் திருகி மூடிவிட்டு, ஜன்னலருகே போய் வெளியே வேடிக்கை பார்த்தாள்.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். சோடாபுட்டி வண்டியை நிமிர்த்தித் தரையில் விட்டான்.

நூல் பிடித்தாற்போல நேராக ஓடி, எதிர்ச் சுவருக்கு முன்னால் சமர்த்தாக நின்றது வண்டி.

பட்டறையே கைதட்டியது. ஸ்பேனர் மட்டும் குனிந்து வலது சக்கரத்தையே பார்த்தாள்.

சார் தட்டவில்லை. மண்டியிட்டு, இரண்டு பக்கமும் சென்சாருக்கும் காந்தத்துக்கும் நடுவே ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

“மத்தியானம் இதுல யார் கை வெச்சது?”

“நான் இல்லை சார்!” என்றாள் புதுசு பதறிப்போய்.

“நாங்க எல்லாரும் கேன்டீன்ல இருந்தோம்,” என்றான் சோடாபுட்டி. “ஸ்பேனர்தான் சாப்பிட வரலை.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அகப்பட்டாயிற்று.

“நீயா?” என்றார் சார்.

தலை தானாக ஆடியது.

சார் அவள் தோளைத் தட்டினார். “சோறு தண்ணி இல்லாம, ரெண்டு வருஷப் பிடிவாதத்தையும் விட்டுட்டு, ஜூனியர் சொன்னபடியே உன் பக்கத்தை மாத்தி வெச்சிருக்கே பாரு, இந்த மனசு யாருக்கு வரும்? நாளைக்குக் களத்துக்கு நீதான்.”

புதுசு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அக்கா, மன்னிச்சிருங்க. உங்களுக்கு என்மேல பொறாமைன்னு தப்பா நினைச்சுட்டேன்.”

“என்... என் பக்கமா?”

சோடாபுட்டி மறுபடி துடைப்பதற்காக வண்டியை மேஜையில் மல்லாத்தினான். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கவிழ்ந்து கிடந்த வண்டியில், புதுசின் வலது என்று நினைத்து அவள் திருகியது, தன்னுடைய இடது.