எல்லாரும் சொல்லும் சாட்டு

“வேனுக்குப் போட்ட அபராதத்த ரத்துச் செய்யச் செல்லி என்ன சாட்டுச் செல்லப் போறீங்க?” என்று காலையில் றிஸானா கேட்டிருந்தாள்.

“பொண்டாட்டிக்குப் பிரசவ வலிண்டு செல்லுவேன். எல்லாரும் செல்றதுதானே!” என்று சிரித்திருந்தான் பஹ்மி.

கலியாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளையில்லாதவளுக்கு அந்தச் சிரிப்பு சுருக்கென்றது. இவனை விட்டுப் போய்விட எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். பிள்ளையும் இல்லாத மனிதன், தானும் போனால் தனித்துப் போவானே என்றுதான் வாய் திறக்கவில்லை.

கண்டியில் பொலிஸ் அதிகாரியின் அறைக்குள் போனவன், அபராதச் சீட்டை வேனிலேயே மறந்துவிட்டான். றிஸானா அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

“பிரசவ வலின்னா ஆள இறக்கிட்டு வேன எடுத்திருக்கணும். ஆஸ்பத்திரி வாசல மறிச்சு நிப்பாட்டிட்டுப் போனா எப்படி? கட்டத்தான் வேணும்,” என்றார் அதிகாரி.

“பொய்யில்ல சேர். பொம்புளப் புள்ள, பாருங்க.” பஹ்மி ஃபோனை நீட்டினான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண், பக்கத்தில் குழந்தையை ஏந்தியபடி அவன். “பேரு ஷஹ்மா.”

தனக்கொரு மகள் பிறந்தால் வைக்கவென்று றிஸானா தேடி வைத்திருந்த பெயர் அது.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பியவன் விறைத்துப்போனான். அவள் சீட்டை அவன் கையில் வைத்தாள்.

“இனி என்னய விட்டுடுங்க,” என்றாள்.