இன்னும் ஒரு விரக்கடை

"உங்க அப்பாவா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவள் கேட்டது இதைத்தான். நட்டநடுப் பகலில் மருந்துக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தாள். ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் வெளியே ஊர்ந்து வந்தார். தலை நரைத்தவர். அவளை யாரென்று தெரிந்துகொண்டு, கையைத் துடைத்தபடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரின் கடைவாயைப் பார்த்தவர். அவரிடம் இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. அவள் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்ட கார் என்பதால், அம்மா இருந்த வரைக்கும் அதை 'உங்க மூத்த மகள்' என்றுதான் கேலி செய்வாள். அந்த வண்டியைத்தான் இந்த மெக்கானிக் சில மாதங்களாகத் தரையை நோக்கி இறக்கிக்கொண்டே வந்தார். முதலில் விரல் அகலக் கணக்கில் இரண்டு விரக்கடை. பிறகு ஒன்று. போன மாதம் இன்னொன்று. கேட்டால், பழைய வண்டி தரையோடு தரையாகப் போனால்தான் அழகு என்பார் அப்பா.

அழகு இருக்கட்டும். எழுபதைத் தாண்டிய மனுஷன், இரண்டு முட்டியும் தேய்ந்தவர், அதில் எப்படி ஏறி இறங்குவது? போன ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஏறப் போனவர் குனிய முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள்தான் ஓடிப்போய் மூட்டை தூக்குவது போலத் தூக்கி நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதுவும் சாதாரணச் சிரிப்பில்லை, ரொம்ப நாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இத்தனையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். வயசான காலத்தில் ஒருவர் சின்னப் பிள்ளை மாதிரி ஆசைப்பட்டால், நாலு நல்ல வார்த்தை சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாமா என்று கேட்டாள். இன்றைக்கே வண்டியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்றாள்.

மெக்கானிக் கோபப்படவில்லை. "நான் சொல்லாம இருப்பேனாம்மா?" என்றார்.

இறக்கினால் வண்டி தூக்கித் தூக்கிப் போடும், இடுப்பு கழன்றுவிடும் என்று முதலில் பயமுறுத்திப் பார்த்தாராம். டாக்டர் மசியவில்லை. வண்டி இறங்கவும் வேண்டும், உள்ளே உட்காருகிறவர்களுக்கு அலுங்கவும் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாராம். குட்டை ஸ்பிரிங் போட்டு, அதற்குத் தோதாக மெத்தென்று போகும் ஷாக் அப்சார்பரைத் தேடிப் பிடிப்பதற்குள் மெக்கானிக்குக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வேலை முடிந்ததும் டாக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, குண்டும் குழியுமாக இருக்கிற பாதையில் ஓட்டிக் காட்டச் சொல்வாராம்.

"முட்டிக்குச் சுத்தமா ஆகாது டாக்டர், கொஞ்ச நாள்ல இதுல நீங்க ஏறவே முடியாதுன்னு சொன்னேன். நிச்சயமாவான்னு கேட்டார். நிச்சயம்னேன். அப்ப வேலையை ஆரம்பின்னுட்டார்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மெக்கானிக் தயங்கினார். உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றார். அப்போதுதான் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தெரிந்துகொள்ளாமல் போக மாட்டேன் என்றாள்.

அவர் சொன்னார். நீச்சல் வகுப்பு முடிந்து பேத்தியை அழைத்துவந்த ஒரு சாயங்காலம், டாக்டர் புறவழிச் சாலையில் தப்பான பக்கம் ஏறிவிட்டார். எதிரே வந்த லாரிகள் ஹாரன் அடித்து ஒதுங்கின. இவர்களெல்லாம் ஏன் தப்பாக வருகிறார்கள் என்று திட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். ஒரு லாரிக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு நிறுத்தி, இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டிய பிறகுதான், எங்கே இருக்கிறோம் என்பதே அவருக்கு உறைத்திருக்கிறது.

"பாப்பா பக்கத்து சீட்ல தூங்கிட்டு இருந்துச்சாம்மா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். மறதிக்கான மாத்திரையை யார் யாருக்கோ தினமும் எடுத்துக் கொடுக்கிற கை அது. ஈரத் தலையோடு மகள் சீட்டில் சரிந்து தூங்குவதும், எதிரே லாரி வருவதும் தவிர வேறெதுவும் கண்ணில் நிற்கவில்லை.

"சாவியை என்கிட்ட கொடுத்திருக்கலாமே." என்றாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். உங்க முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலையாம். அப்படியே கொடுத்தாலும், 'கொடுத்ததையே மறந்துடுவேன்பா. வீட்டைத் தலைகீழாப் புரட்டியாவது சாவியைத் தேடி எடுத்துட்டுப் போயிடுவேன். இந்த முட்டி வலிதான் என்னைத் தடுக்கும்'னார். வண்டி மெத்துன்னு இருக்கணும்னு கேட்டதுகூட அவருக்கு இல்லைம்மா. இனிமே ஓட்டப்போற உங்களுக்கும் பாப்பாவுக்கும்தான்."

அவள் எழுந்து, ஏற்ற வேண்டாம், இப்போது இருக்கிற உயரத்திலேயே இருக்கட்டும் என்றாள்.

மெக்கானிக் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அது போதாதும்மா. இன்னும் இறக்கணும்னு காலையில போன் பண்ணினார். முட்டி வலியையும் மறந்து, யார் கையையும் பிடிக்காம நேத்து ஏறியிருக்கார். சுய நினைவு வந்தப்ப வண்டி வாசல்ல நிக்குது, இன்ஜின் கொதிச்சுக் கிடக்குது, எங்கே போயிட்டு வந்தோம்னுதான் தெரியலையாம்."