கூந்தல் பனை என்று எழுதியிருந்த கன்று

“லேபிள்ல கூந்தல் பனைன்னு போட்டிருக்கு. ஆனா இது கூந்தல் பனை இல்லை.”

கன்றுத் தொட்டியோடு நின்றவனைப் பார்த்ததும் நர்சரிக்காரிக்குச் சுருக்கென்றது. கூடப் பிறந்த அண்ணன். நர்சரி திறந்த அன்றைக்கு, வந்தவர்கள் எல்லோருக்கும் முன்னால், “மண்ணைக் கிளறிப் பொழைக்கணும்னு இவளுக்கு என்ன தலையெழுத்து?” என்று கேட்டுவிட்டுப் போனவன். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோனது. அவனே வந்து ஒரு வார்த்தை பேசட்டும் என்று அவளும் வீம்பாக இருந்துவிட்டாள்.

வந்ததுதான் வந்தான், குறை சொல்லிக்கொண்டா வரவேண்டும்?

“குடுங்க சார்” என்றாள்.

அந்த ‘சார்’ அவனுக்குச் சுருக்கென்று தைத்தது முகத்தில் தெரிந்தது. தைக்கட்டும்.

இலையைத் திருப்பிப் பார்த்தாள். கூந்தல் பனையென்றால் நுனி மீன்வால் மாதிரி கிழிந்து கிடக்கும். இது நீளமாக, இரண்டாகப் பிளந்து நின்றது. சாதாரணப் பாக்குக் கன்று. இத்தனை நாளில், பாக்கைப் பனை என்கிற அளவுக்கு ஒரு தப்பு நடந்ததே இல்லை. நடந்ததுதான் நடந்தது, இவன் கையிலா போய்ச் சேரவேண்டும்? முகம் எரிந்தது அவளுக்கு.

“பாக்கு. எங்க தப்புதான். வேற கன்னு தரச் சொல்றேன்.”

வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்றான். வெயில் படலாமா, தண்ணீர் தினமும் ஊற்றணுமா, இந்தத் தொட்டி போதுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நின்றான். குத்திக்காட்டத்தான் நிற்கிறான் என்று பட்டது அவளுக்கு.

“எல்லாம் லேபிளுக்குப் பின்னாடி எழுதியிருக்கு சார்.”

சரியான லேபிளைச் செருகிக் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள்.

“இளைச்சுட்டியேம்மா” என்றான் முதுகுக்குப் பின்னால். காதில் விழாத மாதிரி நடந்தாள்.

வண்டி கிளம்பிப் போன பிறகு, விற்பனைக்கு நிற்கும் பெண்ணைக் கூப்பிட்டு, பாக்குக்கும் பனைக்கும் வித்தியாசம் தெரியாதா என்று பொரிந்து தள்ளினாள்.

அந்தப் பெண் விழித்தாள். “நான் சரியாத்தான்க்கா வெச்சிருந்தேன். காலைல அவர் பாக்குன்னு பாத்துத்தான் வாங்கினார். போறப்ப கூந்தல் பனைத் தொட்டியிலேருந்து ஒரு லேபிளை உருவி சட்டைப் பையில போட்டுக்கிட்டார். எதுக்குன்னு புரியல, விட்டுட்டேன்.”

“உன்கிட்ட வேற ஏதாவது கேட்டாரா?”

“உங்களைப் பாக்க முடியுமான்னு கேட்டார்க்கா. விக்கிறதெல்லாம் நான்தான், லேபிள் தப்புன்னு யாராவது வந்தா மட்டும்தான் அக்கா வெளியே வருவாங்கன்னு சொன்னேன்.”