பாறையில் இடமில்லாத உடும்பு

காட்டுக் கதைகளில் சிங்கம் வரும், நரி வரும், முயலும் தவறாமல் வரும். உடும்பை எவரும் அழைப்பதில்லை. பெண் உடும்பை நினைப்பதுகூட இல்லை. இது அவளுடைய கதை.

அந்த ஏரிக்கரையில் குஞ்சுகளுக்கு மணல்திட்டிலும், பெரியவர்களுக்கு வெயில் காயும் பாறையிலும் கதை சொல்லப்படும். குஞ்சுப் பருவம் கடந்தும் பெரியவர்கள் ஆகாதவர்களுக்கு இடமே கிடையாது. அவர்களுக்காக உடும்பு ஈரச் சரிவில் அமர்ந்து, இறக்கை முளைத்த ஆமையின் கதையைச் சொல்லிவந்தாள். குளிரில் அவள் குரல் நடுங்கும்.

ஏரிச் சபையின் தலைவரான கொக்கு ஒருநாள் வந்து ஒற்றைக்காலில் நின்றார்.

“நன்றாகத்தான் சொல்கிறாய். அந்த இறக்கையை மட்டும் எடுத்துவிடு. பாறையில் இடம் தருகிறோம். ஆமை எங்கேயாவது பறக்குமா, அம்மா?”

நான்கு மழைக்காலங்களாக அவள் ஏங்கியது அந்த வெயிலுக்குத்தான். சம்மதம் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் கொக்கின் மகள் முன்னே வந்தாள். பாதி பஞ்சும் பாதி இறகுமாக இருந்த அவளை ஏரியே கேலி செய்யும்.

“அக்கா, முளைக்கும்போது ஆமைக்கு வலித்ததா? எனக்கு வலிக்கிறது.”

“வலித்தது, கண்ணு. அழவும் செய்தது. அப்புறம் என்ன ஆயிற்று தெரியுமா?” என்ற உடும்பு, கொக்கின் பக்கம் திரும்பினாள். “ஐயா, பாறையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மகளை விட்டுவிட்டுப் போங்கள்.”

பாறையில் அவளுக்குக் கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. அந்தச் சரிவிலேயே இருந்து மேலும் ஒன்பது கதைகள் சொன்னாள். கேட்க வந்தவர்கள் நெருக்கியடித்து அவள்மேல் சாய்ந்துகொண்டதால், குரல் நடுங்குவது மட்டும் நின்றுபோயிற்று.